வெள்ளை மீனுக்கு நிழல் தேடியவர்

கொசு எங்கே முட்டையிடும் என்று கண்டுபிடிக்க அவர் கையாண்ட முறை ஒன்றே ஒன்றுதான். தம்மையே ஒரு கொசுவாக நினைத்துக்கொள்வார்.

நகரசபையின் கொசு ஒழிப்புப் பிரிவில் அவர் ஊழியர். காக்கிச் சட்டை, தோளில் மருந்துத் தெளிப்பான், இடுப்பில் செருகிய டார்ச் விளக்கு. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சற்று நின்று கண்களை மூடிக்கொள்வார். "நான் ஒரு கொதுகு. வயிறு நிறைய முட்டை. வெளியில கொளுத்துற வெயில். எங்க போவேன்?" என்று முணுமுணுப்பார். கொசுவைக் கொதுகு என்று சொல்லும் அளவுக்கு எங்கள் தமிழில் மலையாளம் ஏறியிருந்தது. அவருடைய தமிழில் இன்னும் கூடுதலாக. பிறகு கண்ணைத் திறந்து நேரே ஓரிடத்திற்குப் போவார். பெரும்பாலும் அங்கே புழு இருக்கும்.

ஒரு வீட்டுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று மேலதிகாரி ஒருவர் கேட்டாராம். "சாரே, கொதுகுக்கு அவசரமில்லையே" என்று பதில் சொன்னதாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதில் பெருமை இல்லை. அதிகாரி ஏன் சிரித்தார் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரிடம் அனுமதி கேட்க இப்போது வழியுமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அவரை அறிந்தேன். அப்போது வழக்கறிஞர் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்திருந்தேன். குடியிருப்போர் சங்கத்தின் தலைமையும் என்னிடமே இருந்தது. தெருவின் கொசுத் தொல்லை குறித்து நகரசபைக்கு மூன்று பக்கக் கடிதம் ஒன்றை நானே எழுதி அனுப்பினேன். அவர் வந்த அன்று சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்கள் இருவர் என் வாசலில் நின்றிருந்தார்கள். "இந்த வீட்டைப் பார்க்க வேண்டியதில்லை, எல்லாம் சுத்தமாகவே இருக்கும்" என்றேன்.

"ஒண்ணு பாத்துட்டுப் போறேன் சாரே."

கூடத்தில் கண்ணை மூடி நின்றார். பிறகு சமையலறைக்குள் போனார். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தரையோடு தரையாகப் படுத்துக் கையை நுழைத்து, நீர் வடிந்து சேரும் தட்டை மெல்ல இழுத்தார். தட்டு முழுவதும் நெளிந்தது. கொசுப்புழுவை எங்கள் ஊரில் கூத்தாடி என்பார்கள். அன்று அந்தப் பெயரின் பொருத்தத்தைக் கண்ணால் கண்டேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் முன் அவர் தட்டின்மேல் தம் துண்டைப் போட்டு மூடிவிட்டார். கொல்லைப்புறம் போகும்போது அவர்களிடம், "ஃப்ரிட்ஜ் இருக்கிற எல்லா வீட்டுலயும் பாக்கணும். எந்த வீட்டுல முதல்ல கண்டேன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

அந்தச் சொல் என் மதிப்பைக் காப்பாற்றியது. நான் நன்றி சொல்லவில்லை.

கொல்லையில் அவர் புழுக்களைக் கவனமாக ஒரு புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மருந்து அடித்துக் கொன்றுவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சாரே. வீட்டுல விருந்துக்காரங்க இருக்காங்க."

"விருந்தாளிகளுக்கு இதையா கொடுப்பீர்கள்?"

"அவங்க இதுதான் கேப்பாங்க" என்று சிரித்தார்.

அந்த விருந்தாளிகளைப் பார்க்கத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். மிளகுக் கிடங்கு ஒன்றின் பின்னால் வரிசையாகக் கட்டிய சிறிய வீடுகள். அவருக்கு இரண்டு அறைகள். முன்னறையில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள், உள்ளறையில் மீன்கள். ஆறு கண்ணாடித் தொட்டிகள். டிஸ்கஸ் என்னும் மீனை அன்றுதான் முதலில் பார்த்தேன். விரித்த உள்ளங்கை அளவில், சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி நிறுத்தியதுபோல் வட்டமும் தட்டையுமான உடல். ஐந்து தொட்டிகளில் பழுப்பு நிறத்தில் நீல வரியோடிய மீன்கள். ஆறாவது தொட்டியில் இரண்டே இரண்டு. இரண்டும் வெள்ளை. பாலின் வெள்ளை அன்று. நனைந்த காகிதத்தின் வெள்ளை. கண்கள் மட்டும் சிவப்பு.

"காட்டாத்துல இது தவிட்டு நிறம் சாரே. நிறம் குறைஞ்சதா பாத்துப் பாத்து இணை சேத்து, இப்படி வெளுக்க வெச்சிருக்காங்க" என்றார்.

சென்னையிலிருந்து ரயிலில் வந்த மீன் பைகளில் வழியிலேயே துவண்டுபோய், கடைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய குஞ்சுகள் அவை இரண்டும். அவர் வளர்த்துத் தேற்றினார். வளர்ந்தபின் ஆணும் பெண்ணுமாக அமைந்தன. கிணற்று நீரில் உப்பு ஏறிய ஊர் எங்களுடையது. இந்த மீன் முட்டையிட மென்மையான நீர் வேண்டும். ஆகவே ஜூன் மாதம் தொடங்கும் இடவப்பாதி மழைக்காக அவர் காத்திருப்பார். முதல் அரை மணி நேர மழையை ஓடு கழுவ விட்டுவிட்டு, அதன்பின் விழுவதை மட்டும் பீப்பாய்களில் பிடிப்பார்.

வெள்ளை ஜோடி முட்டையிட்டது. குஞ்சும் பொரிந்தது. குஞ்சு மட்டும் பிழைக்கவில்லை.

இதன் காரணத்தை அவர் எனக்கு விளக்கிய விதம் நான் கேட்ட பல வழக்குரைகளைவிடத் தெளிவானது. இந்த மீனின் குஞ்சு மற்ற மீன்குஞ்சுகளைப்போல் பிறந்ததும் இரை தேடுவதில்லை. தாய் தந்தை இருவர் உடலிலும் ஒருவிதப் பசை ஊறுகிறது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் அந்த உடலில் ஒட்டிக்கொண்டு அதையே கொத்தித் தின்று வளர்கின்றன. இரண்டு நாளுக்குள் ஒட்டாத குஞ்சு பட்டினியில் சாகும். வெள்ளை ஜோடியின் குஞ்சுகள் மூன்று முறையும் தாயை விட்டுவிட்டு, தண்ணீரைச் சூடாக்க வைத்திருந்த கறுப்பு ஹீட்டர் குழலில் போய் மொய்த்தன.

"மூணாவது தடவை நான் தரையில படுத்து ஒரு கண்ணைப் பாதி மூடிட்டுப் பாத்தேன் சாரே" என்றார். "நான் ஒரு குஞ்ஞு. நீந்த ஆரம்பிச்சு ஒரு நாள். பசிக்குது. கண்ணு சரியாத் தெளியல. எங்க போவேன்? இருட்டா ஒண்ணு தெரிஞ்சா அங்க போவேன். தவிட்டு மீன் குஞ்ஞு பொரிச்சா அதோட உடம்பு கறுத்துப்போகும். பாத்திருக்கேன். குஞ்ஞு அந்தக் கறுப்பைத்தான் தேடுது. இதுக்குக் கறுக்கத் தெரியாது. நம்ம வெளுக்க வெச்சப்போ அதையும் எடுத்துட்டோம்."

தாய் குஞ்சுக்கு ஒரு சாண் தொலைவில் நிற்கிறது. குஞ்சின் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர்.

இதற்கு மீன் வளர்ப்போரிடம் வழக்கமான தீர்வு ஒன்று உண்டு. கும்பளங்கியில் மீன் பண்ணை வைத்திருந்த அவருடைய நண்பர் ஒருவர் நான் இருக்கும்போதே அதைச் சொல்லிச் சண்டை பிடித்தார்.

"எடோ, முட்டையை எடுத்து அந்தத் தவிட்டு ஜோடிகிட்ட குடு. அது வளர்த்துத் தரும். உலகம் முழுக்க அப்படித்தானே செய்யறாங்க?"

"வளர்க்கும். அது எனக்குத் தெரியும்."

"பின்னெ எந்தா பிரச்சினை?"

"தெரிஞ்சதை எதுக்குச் செய்யணும்?"

கும்பளங்கிக்காரர் என்னைப் பார்த்தார். "வக்கீலே, இந்த மனுஷன்மேல ஒரு கேஸு போடுங்க."

இந்தப் பிடிவாதத்திற்கு நான் ஒரு காரணம் ஊகித்து வைத்திருந்தேன். தாயில்லாமல் பிறர் கையில் வளர்ந்தவராக இருக்கக்கூடும்; அதனால்தான் தாயிடமே குஞ்சு சேரவேண்டும் என்கிறார். தக்க தருணம் பார்த்து அதை மெதுவாகக் கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்கம்மாவா? தென்காசியில இருக்கா சாரே. இப்பவும் போனா முதுகுல நாலு வெப்பா. அதெல்லாம் ஒண்ணுமில்ல. அம்மா இங்க நிக்கிறா. குஞ்ஞு அங்க நிக்குது. ரெண்டுக்கும் ஒரு குறையும் இல்ல. நடுவுல மறைக்கிறது என்னன்னு தெரிஞ்சுது. அதை எடுக்க முடியுமான்னு பாக்க வேண்டாமா?"

ஆனால் காலம் அதிகமில்லை. ஜோடிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் முட்டை குறைந்தது. இன்னும் ஒரு முறை இடும், அதற்கடுத்தது சந்தேகம் என்றார். அதற்குள் அந்தக் குஞ்சுகள் தம் வெள்ளைத் தாயைக் கண்டுகொள்ள வேண்டும்.

மீனைக் கறுப்பாக்க முடியாது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் அதைவிட வெளுப்பாக்குவது என்று முடிவு செய்தார். சுற்றிலும் தூய வெள்ளையானால், சற்று மங்கிய வெள்ளையான தாய் குஞ்சின் கண்ணுக்கு நிழல்போலவாவது தெரியும் என்பது அவர் கணக்கு. தொட்டியின் மூன்று பக்கமும் அடியும் வெள்ளைத் தாள் ஒட்டினார். ஹீட்டரைத் துளையிட்ட வெள்ளைக் குழாய்க்குள் மறைத்தார். சுவருக்கும் கூரைப் பலகைக்கும் சுண்ணாம்பு. அந்த அறைக்குள் போகும்போது வெள்ளைப் பனியன், வெள்ளை வேட்டி. தலைமுடி கறுப்பென்று வெள்ளைத் துண்டால் தலைப்பாகை.

அவர் மனைவி செம்மீன் என்னும் இறாலை உரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்தவர் என்னைக் கண்டதும், "சாரே, விஷயம் அறிஞ்சீங்களா? எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் உத்தியோகம் கிடைச்சிருக்கு" என்றார்.

"நீ அங்கேயே நில்லு. பச்சைச் சேலை" என்றது உள்ளிருந்து குரல்.

"கேட்டீங்களா? சொந்த வீட்டுக்குள்ள போக எனக்கு நிறம் சரியில்லையாம்."

அடுத்த மழைக்காலத்தில் நான்காவது முறையாகக் குஞ்சு பொரிந்தது. நீந்தத் தொடங்கியதும் எனக்குச் சொல்லியனுப்பும்படி கேட்டிருந்தேன், சொல்லியனுப்பினார். முப்பது நாற்பது தாயின்மேல் ஒட்டிவிட்டன என்றும் தகவல்.

அன்று எறணாகுளத்திலிருந்து மூத்த வழக்கறிஞர் ஒருவர் ஒரு வழக்குக்காக வந்திருந்தார். நான் பெரிதும் மதித்தவர். பேச்சுவாக்கில் இந்த மீனைப் பற்றிச் சொன்னேன். பார்க்க ஆவல் கொண்டார். நீதிமன்றம் முடிந்ததும் இருவரும் நேரே அங்கு போனோம். அவருக்கு நான் காட்ட விரும்பியது மீனை மட்டும் அன்று. இத்தகைய அரிய விஷயங்கள் எனக்குப் பழக்கம் என்பதையும் காட்ட விரும்பினேன். இப்போது அதை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை.

உள்ளறையில் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி ஒன்றுதான் மறைக்கப்படாமல் இருந்தது. அதன் முன் நாங்கள் நின்றோம். சிறிது நேரத்தில், கடுகளவுகூட இல்லாத அந்தக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தாயை விட்டு எங்களை நோக்கி வந்தன. கண்ணாடியோரம் வரிசையாக நின்றன.

"ஆஹா, நம்மைக் கண்டதும் எழுந்து வருகிறார்களே! கோர்ட்டில்கூட இந்த மரியாதை கிடைப்பதில்லை" என்றார் மூத்தவர். நான் பூரித்துப்போனேன்.

"சாரே, வெளியில சாயா வெச்சிருக்கு. ஆறிப்போகும்" என்றார் இவர்.

"இருக்கட்டும்."

"ஒண்ணு நீங்கி நில்லுங்க சாரே."

ஓரடி நகர்ந்தேன். குஞ்சுகளும் ஓரடி நகர்ந்தன. மூத்தவர் கைதட்டிச் சிரித்தார். இன்னும் சற்று நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"சாரே, வேற ஒண்ணும் தோணக் கூடாது. அந்தக் கோட்டை ஒண்ணு ஊரி வெச்சிடுங்க."

ஊருவது என்றால் எங்கள் பக்கத்தில் கழற்றுவது. நான் திரும்பினேன். "என்ன சொன்னாய்?"

அதுவரை அவரை நீங்கள் என்றே அழைத்து வந்தவன் நான்.

"கோட்டு சாரே..." என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. மூத்தவரை அழைத்துக்கொண்டு வெளியேறினேன். யார் சொல்லியும் நான் கழற்றியிராத கோட்டு அது. அதைக் கொசு மருந்து அடிக்கும் ஒருவர், நான் மதிக்கும் மனிதரின் முன்னால் கழற்றச் சொன்னார் என்பது மட்டுமே அப்போது என் மனத்தில் இருந்தது. மேசையில் இரண்டு தம்ளர் சாயா மூடி வைத்திருந்ததை வெளியேறும்போது பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ரேஷன் கடை வாசலில் அவர் மனைவியைச் சந்தித்தேன். பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு அவர்தான் முதலில் பேசினார்.

"சாருக்குக் கோபம் தீர்ந்துச்சா?"

"எனக்கென்ன கோபம்?"

"சாருக்கு ஒரு வார்த்தை பொறுக்கல. குஞ்ஞுங்களுக்கு ஒரு நாள் பொறுக்கல. அவ்வளவுதான்."

"என்ன ஆயிற்று?"

"என்னாகும்? ரெண்டு கறுப்புக் கோட்டு வந்து முன்னாடி நின்னா அதுங்க எங்க போகும்? சார் போன பின்னாடியும் அந்தக் கண்ணாடியிலயே நின்னுச்சு. அம்மாகிட்டத் திரும்பவே இல்ல. மூணாம் நாள் எல்லாம் அடியில கிடக்குது."

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"என்ன சொல்வாரு? பாவம், வக்கீல் சாரை அம்மான்னு நினைச்சிருச்சுங்கன்னாரு. அதுக்கு ஒரு சிரிப்பு வேற. ரெண்டு நாள் சோறு தின்னல."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். கறுப்பு இருக்கக் கூடாது என்பதற்காக ஓர் அறையையே வெளுக்க வைத்த மனிதரைப் பல மாதங்கள் கூடவிருந்து பார்த்தவன் நான். பச்சைச் சேலையோடு மனைவியை வாசலில் நிறுத்தியதைக் கேட்டுச் சிரித்தவன். என் உடலில் இருப்பதும் கறுப்புதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது எனக்கு நிறமாகத் தெரிந்ததில்லை, தகுதியாகவே தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கப் போகவேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தச் சொற்களை எப்படி அமைப்பது என்று யோசித்தே நாட்கள் கழிந்தன. மாதச் சுற்றுக்கு அவர் வழக்கம்போல் வந்தார். குளிர்சாதனப் பெட்டியின் தட்டை இழுத்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கு சாரே" என்று போய்விட்டார். நானும் சரி என்று மட்டும் சொன்னேன்.

மழை ஓயும் தருவாயில் ஒரு காலை, தெளிப்பான் இல்லாமல் வந்து வாசலில் நின்றார்.

"சாரே, பெண்மீன் இன்னொரு தடவை இட்டுச்சு. நெனைக்கவே இல்ல. கொஞ்சம்தான். இன்னிக்கு நீந்துது. இனி அது இடாது. கோர்ட்டு முடிஞ்சு வாங்க."

"வீட்டுக்கு வந்து வெள்ளை உடுத்திக்கொண்டு வருகிறேன்."

"வேண்டாம். அப்படியே வாங்க."

அப்படியே போக எனக்குத் துணிவில்லை. மிளகுக் கிடங்கின் மூலையிலேயே கோட்டைக் கழற்றி, மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் அவர் என் கையைப் பார்த்தார்.

"போட்டுக்கோங்க சாரே. அதுக்குத்தானே இவ்வளவு பாடு பட்டது."

எனக்கு விளங்கவில்லை. ஆயினும் போட்டுக்கொண்டேன். உள்ளறைக்குள் கூட்டிப்போனார். வாசற்படிக்கும் தொட்டிக்கும் நடுவே, கூரையிலிருந்து தரைவரை ஒரு வெள்ளை இரட்டை வேட்டி சுருக்கமின்றி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. தொட்டி கண்ணில் படவில்லை. துணியில் ஒரே ஒரு துளை. நாலணாக் காசளவு. பிரிந்துபோகாதிருக்கச் சுற்றிலும் வெள்ளை நூலால் தைத்திருந்தது.

"சார் அந்தக் கதவுல நிக்கறப்போ மேல் கொண்டிக்கு நேரா கண்ணு வரும். அந்த உயரத்துக்கு வெட்டினேன். குனிய வேண்டாம்" என்றார்.

குனிய வேண்டியிருக்கவில்லை. துளை சரியாக என் கண்ணுக்கு நேரே இருந்தது. கோட்டு துணிக்கு இந்தப் பக்கம் இருந்தது.

வெண்மையைத் தவிர முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியபின் அதற்குள் இன்னொரு வெண்மை புலப்பட்டது, சற்று மங்கலாக. அது தாய்மீன். அசையாமல் நின்றது. அதன் விலாவில் இருபது குஞ்சுகள் இருக்கலாம். முகத்தை அதன் உடலில் புதைத்து, வால் மட்டும் துடிக்கத் தொங்கிக்கொண்டிருந்தன. தாய் திடீரென்று உடலை ஒரு சொடுக்குச் சொடுக்கியது. குஞ்சுகள் உதறிச் சிதறின. அவை இனி எங்கே போகும் என்று நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். ஆண்மீன் அருகில் வந்து பக்கவாட்டில் நின்றது. ஒவ்வொன்றாக, ஒன்றுகூட வழி தவறாமல், அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டன.

"எங்க நிக்குது சாரே? கண்ணாடியிலயா?" பின்னாலிருந்து அவர் கேட்டார். துணியைக் கட்டிய பிறகு அவர் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இல்லை. தாயின்மேல் இருந்தன. இப்போது தகப்பனின்மேல் இருக்கின்றன. நீங்களே பாருங்கள்."

நான் விலகினேன். அவர் என் தோளுக்குத்தான் வருவார். துளை அவர் தலைக்குமேல் இருந்தது. அறையின் மூலையிலிருந்து காலியான பெயின்ட் டப்பா ஒன்றை எடுத்து வந்து கவிழ்த்து, அதன்மேல் ஏறிக் கண்ணைத் துணியில் வைத்தார். நெடுநேரம் இறங்கவில்லை. தரை சமமாக இல்லாததால் டப்பா ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது. நான் கீழே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.